தீர்மானம் வைக்காத தாளம்

கேள்வி இது: "பிபிசி 2009இல் ஒளிபரப்பிய கிராட்ராக் ஆவணப்படத்தைப் பார்த்தேன், அண்ணா. 1970களின் ஜெர்மன் ராக் குழுக்களைப் பற்றியது. இந்த இசை உலகத்தையே மாற்றிவிட்டது என்று பெரிய ஆட்கள் எல்லாம் வந்து சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும் சத்தம்தான். இதில் அப்படி என்ன இருக்கிறது? தாக்கம் தாக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்? நம் சிங்கப்பூரில் இப்படி ஏதாவது இருந்ததா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? நான் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். உறுமி மேளக் குழு ஒன்றில் வாசிக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்கலாம், தம்பி. உறுமி வாசிக்கிறவருக்கு இந்த இசையை விளக்குவது மீன்காரரிடம் போய் மீனைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். நான் முப்பது ஆண்டுகளாக மேடைகளில் மைக்கும் மிக்ஸரும் பார்த்தவன். கோயில் விழா, சமூக மன்றக் கலைநிகழ்ச்சி, திருமண வரவேற்பு என்று பிழைப்பு ஒரு பக்கம். 1990களில் இரவு நேரங்களில், ஆர்மீனியன் ஸ்திரீட் பக்கம், காசு தர முடியாத ராக் குழுக்களுக்கு ஒலி பார்த்தது மறுபக்கம். ஆகவே இது இசை விமர்சகர் தரும் பதில் ஆகாது. நிகழ்ச்சி முடிந்தபின் ஒயர் சுற்றுகிறவனின் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். மோசமான படம் இல்லை. மைக்கேல் ரோத்தர், ரோடேலியுஸ், இர்மின் ஷ்மிட் போன்ற அந்தக் காலக் கலைஞர்களை உட்காரவைத்துப் பேசவைத்ததே பெரிய காரியம். அந்தத் தலைமுறையில் பலர் இன்று இல்லை. ஆனால் இந்த இசையைப் பற்றி ஒரு மணி நேரத்தில் படம் எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேன் குழுவின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது. அதன் கடைசிப் பாட்டு மட்டும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பல மணி நேரம் வாசித்ததிலிருந்து வெட்டி எடுத்தது. ஆவணப்படத்தில் இப்படிப்பட்ட பாட்டுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கிடைக்கும் அந்த நேரத்திலும் அதன் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். கொதிக்கும் அண்டாவின் மூடியைத் தூக்கிக் காட்டிவிட்டு உடனே மூடினால் ருசி எப்படித் தெரியும்? உங்கள் காதில் விழுந்தது ஒரே அடி என்றால் தவறு உங்கள் காதில் இல்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் இறுதியில் இருபது, இருபத்தைந்து வயதில் இருந்த மேற்கு ஜெர்மன் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு இசைகள்தான் இருந்தன. ஒன்று, வானொலியில் வழிந்த 'ஷ்லாகர்' என்னும் இனிப்புப் பாட்டு. போருக்கு முன்னால் நடந்ததை எல்லாம் மறந்துவிடு என்று தாலாட்டும் வகை. இன்னொன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் ராக்கைப் பார்த்து எழுதிய நகல். அப்பா போரில் என்ன செய்தார் என்று வீட்டில் கேட்க முடியாது. பள்ளியில் ஆசிரியர் யார், நீதிமன்றத்தில் நீதிபதி யார் என்று பார்த்தால் பழைய ஆட்களே. 1967 ஜூன் 2ஆம் தேதி பெர்லினில் ஈரான் மன்னரின் வருகையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பென்னோ ஓனஸோர்க் என்ற மாணவரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு அந்தத் தலைமுறைக்குப் பழைய எதன்மீதும் மரியாதை மிஞ்சவில்லை. 1968 செப்டம்பரில் எஸ்ஸன் நகரில் பெரிய பாட்டு விழா நடந்தது. மியூனிக்கின் ஆமோன் டூல் கூட்டுவாழ்க்கைக் குழு, பெர்லினின் டேஞ்சரின் டிரீம் என்று பலர் அங்கே வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

'கிராட்ராக்' என்ற பெயர் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஒட்டியது. 'கிராட்' என்றால் முட்டைக்கோஸ். போர்க்காலத்தில் ஜெர்மானியர்களை ஏளனமாக அழைத்த சொல். முட்டைக்கோஸ் ராக்! பெயர் சூட்டப்பட்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஃபவுஸ்ட் குழுவினர் மட்டும் 1973இல் ஒரு பன்னிரண்டு நிமிட இரைச்சலுக்கு அதையே தலைப்பாக வைத்துத் திருப்பி அடித்தார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: ஒரே அடி.

கேன் குழுவின் டிரம்ஸ்காரர் யாக்கி லீபெட்சைட் ஃப்ரீ ஜாஸிலிருந்து வந்தவர். அந்த வகையில் தாளம் என்று ஒன்று நிலையாக இராது. கை போன போக்கில் போகும். ஒருநாள் கச்சேரி முடிந்ததும் யாரோ ஒருவர் அவரிடம் வந்து, "நீ சலிப்பூட்டும்படி ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எதைக் கூட்டலாம் என்று யோசிப்பதை விட்டு, எதை எல்லாம் நீக்கிவிட்டாலும் தாளம் நிற்கும் என்று பார்க்கத் தொடங்கினார்.

நொய்! குழுவின் டிரம்ஸ்காரர் கிளவுஸ் டிங்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். (பெயரைப் பார்த்ததும் நமக்கு நொய்க்கஞ்சிதான் நினைவுக்கு வரும். ஜெர்மனில் அதற்குப் 'புதியது' என்று பொருள். சோப்புப் பெட்டியின் மேல் அச்சடிக்கும் அதே 'புதியது!') நான்கு எண்ணிக்கை. இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்னும் சின்ன டிரம். மற்ற இடங்களைப் பேஸ் டிரம் என்னும் பெரிய டிரம் நிரப்புகிறது. மேலே ஹைஹேட் என்னும் இரட்டைத் தட்டு சீராக ஓடுகிறது. இவ்வளவுதான். ராக் டிரம்ஸில் நான்கு வரிக்கு ஒருமுறை ஒரு உருட்டல் வரும் அல்லவா, அது இல்லை. நம் மொழியில் சொன்னால், தீர்மானமே வைக்காமல் நடையை மட்டும் வாசித்துக்கொண்டு போவது. கோர்வை கிடையாது, முத்தாய்ப்பு கிடையாது. பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'மோட்டோரிக்' என்று பெயர் வைத்தார்கள். டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நான் இயந்திரம் இல்லை, மனிதன் என்பது அவர் வாதம். அவர் அதை முடிவில்லாத நேர்கோடு என்றார். பிற்காலத்தில் 'அப்பாச்சி அடி' என்றார்.

தீர்மானம் வைத்தால் கேட்கிறவர் மூச்சு விட்டுவிடுவார். "சரி, ஒரு சுற்று முடிந்தது" என்று மனம் சொல்லும். வைக்காவிட்டால் மனம் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும், பிறகு கணக்குப் போடுவதை விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் கிதாரில் நடக்கும் சின்னச் சின்ன அசைவு காதில் விழத் தொடங்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காவடிக்காரர் அருள் வந்து நிற்கும்போது உறுமிக்காரர் என்ன செய்கிறார்? வேகத்தையும் அடியையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் யாராவது சாமர்த்தியம் காட்டிக் கோர்வை வைத்தால் குழுத் தலைவர் முறைப்பார். நீங்கள் அப்படி முறைக்கப்பட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. நான் அப்படிப்பட்ட முறைப்புகளை ஒலிப்பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

நொய்! குழுவின் மற்றொரு பாதி மைக்கேல் ரோத்தர். அவர் சிறுவயதில் கராச்சியில் சில ஆண்டுகள் வளர்ந்தவர். தொடக்கமும் முடிவும் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும் இசையை முதன்முதலில் அங்கே தெருக்களில்தான் கேட்டதாக அவரே சொல்கிறார். எனவே ஜெர்மனியின் நெடுஞ்சாலை வேகம்தான் இந்தத் தாளத்துக்கு வித்து என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. மியூனிக்கில் எம்பிரியோ என்றொரு குழு. 1973இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வாசிக்கிறார். சாக்ஸபோனோடு நாகசுரமும்! அவர் 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தரக் கோலாலம்பூருக்கு அனுப்பப்பட்டவர். அங்கே நாகசுரத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்து, பிறகு தமிழ்நாட்டுக்கே போய் முறையாகக் கற்றுக்கொண்டார். நம் பக்கத்து ஊரில் ஒலித்த நாகசுரம், மியூனிக்கின் நீண்டமுடி இளைஞர்களின் ராக் இசைத்தட்டுக்குள் போய் உட்கார்ந்த கதை இது. எம்பிரியோ பின்னர் பஸ்ஸில் ஏறித் தரைவழியாகவே இந்தியா வந்து, பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியினரோடு சேர்ந்து இசைத்தட்டும் போட்டார்கள். கிராட்ராக் என்றால் கேன், நொய்!, கிராஃப்ட்வெர்க் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறவர்களிடம் இதைச் சொன்னால் விழிப்பார்கள். எத்தனை முறை விழிக்கவைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை, அற்ப சந்தோஷம்தான்.

ஆவணப்படங்களோடு எனக்கு உண்மையான சண்டை ஒன்று உண்டு. போர், குற்ற உணர்வு, தலைமுறைக் கோபம், மறுபிறப்பு என்று கருத்தாகவே கதையைச் சொல்லிவிடுகிறார்கள். கோபம் எல்லா ஊரிலும் இருந்தது. கோபப்பட்டவர்களுக்கு ஒரு அறையும், நாள்கணக்கில் நேரமும், ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரும் கிடைத்த ஊர்கள்தான் குறைவு.

கேனைப் பாருங்கள். கொலோன் நகருக்கு அருகே நோர்வெனிச் என்ற இடத்தில் இருந்த கோட்டையில், அதன் உரிமையாளர் தயவில் வாடகை இல்லாமல் இடம் கிடைத்தது. ஷ்மிட்டும் ஹோல்கர் சூக்காயும் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். ஆனால் அவர்களிடம் இருந்த கருவி இரண்டு தட டேப் ரெக்கார்டர்தான். எல்லோரும் ஒரே அறையில் மணிக்கணக்காக வாசிப்பார்கள். சூக்காய் அந்த டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். 1971இன் 'டாகோ மாகோ' ஆல்பம் இப்படி உருவானதுதான். பின்பு ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கு முகப்புப் பாட்டு போட்டார்கள். அது ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை போனது. அந்தப் பணத்தில் வைலர்ஸ்விஸ்ட் என்ற சிற்றூரில் பழைய திரையரங்கம் ஒன்றைப் பிடித்து, எதிரொலி வராமல் இருக்க ராணுவ மெத்தைகள் ஆயிரத்து ஐந்நூற்றைச் சுவரில் அடித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு மெத்தை! அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் இசையைவிட அந்த மெத்தைகள்மேல்தான் பொறாமை வந்தது. நான் வேலை பார்த்த பல்நோக்கு மண்டபங்களில் எதிரொலியை அடக்க எங்களிடம் இருந்தது மேடைத் திரைச்சீலை ஒன்று மட்டுமே.

பாடகர் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1970இல் மியூனிக்கில் ஒரு கஃபே வாசலில் டாமோ சுசுகி என்ற ஜப்பானிய இளைஞர் தெருவில் கத்திப் பாடிக்கொண்டிருந்தார். சூக்காயும் லீபெட்சைட்டும் அவரைப் பார்த்து, இன்றிரவு எங்களோடு பாடுகிறாயா என்றார்கள். ஒத்திகை இல்லை. அன்றிரவே மேடை. 2024இல் இறக்கும்வரை அவர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. கேனை விட்டு விலகிய பிறகு பல ஆண்டுகள் கழித்து ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாத உள்ளூர்க் கலைஞர்களோடு ஒத்திகையின்றி மேடை ஏறுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்க்கைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். (அவர் மகன் தந்தையைத் தேடிப் போவதாக ஒரு ஆவணப்படம் 2017இல் வந்தது, பிபிசி படத்தைவிட எனக்கு அது நெருக்கம்.) நொய்! குழுவின் முதல் ஆல்பம் அவர் கையில்தான் 1971 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டுடியோ ஒன்றில் நான்கு இரவுகளில் பதிவானது. இரவு என்பதைக் கவனியுங்கள். பகலில் காசு உள்ளவர்கள் பதிவு செய்வார்கள். இரவில் வாடகை மலிவு. இரண்டாவது ஆல்பத்தில் பாதியிலேயே காசு தீர்ந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்கனவே வெளியிட்டிருந்த இசைத்தட்டின் இரண்டு பாட்டுகளை எடுத்து, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஒருமுறை, 16 சுற்று வேகத்தில் ஒருமுறை ஓடவிட்டு, அதைப் பதிவு செய்து இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். வாங்கியவர்கள் ஏமாற்று வேலை என்று திட்டினார்கள். இன்று அதை ரீமிக்ஸின் முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மைதான்.

ஃபவுஸ்ட் கதை தலைகீழ். பாலிடோர் நிறுவனம் பணம் கொடுத்து வும்மே என்ற கிராமத்துப் பழைய பள்ளிக்கூடத்தையே ஸ்டுடியோவாக்கித் தந்தது. அடுத்த பீட்டில்ஸ் வருவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள், பாவம். 1971இல் வந்தது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இசைத்தட்டு, உறையில் எக்ஸ்ரே எடுத்த கை முஷ்டி. 'ஃபவுஸ்ட்' என்றாலே முஷ்டிதான். உள்ளே வெட்டி ஒட்டிய ஓசைகள். விற்கவில்லை. 1973இல் வர்ஜின் நிறுவனம் இவர்களுடைய ஒரு ஆல்பத்தை 48 பென்ஸுக்கு, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டின் விலைக்கு, விற்றது. மலிவு என்று வாங்கிய ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் பையன்களில் பலர் ஒருமுறை போட்டுவிட்டு மூலையில் வைத்திருப்பார்கள். சிலர் குழு ஆரம்பித்தார்கள்.

தாக்கம் என்ற கேள்விக்கு இங்கே வந்துவிட்டோம். படங்கள் பெயர்ப்பட்டியல் வாசிக்கும்: டேவிட் பொவி, பிரையன் ஈனோ, சானிக் யூத், ஸ்டீரியோலேப், ரேடியோஹெட். பொவியின் 1977 ஆல்பத் தலைப்பில் நொய்! பாட்டின் எதிரொலி இருக்கிறது. ஈனோ 1976இல், ரோத்தரும் ரோடேலியுஸும் இருந்த ஹார்மோனியா குழுவினரோடு அவர்கள் கிராமத்து வீட்டிலேயே தங்கி வாசித்தார். கிராஃப்ட்வெர்க்கின் மெட்டை வைத்து 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிக்கா பம்பாட்டா போட்ட பாட்டு ஹிப்ஹாப்பின் திசையையே திருப்பியது. எல்லாம் உண்மை. ஆனால் புகழ்ந்தவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது, கல்யாண மண்டபத்தில் மொய் வைத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதைப் போன்றது. மொய்யை வாங்கி எழுதி வைத்தது யார்?

கேன் இசை இன்றைக்கும் கடையில் கிடைப்பதற்குக் காரணம் ஹில்டகார்ட் ஷ்மிட் என்ற பெண்மணி. இர்மின் ஷ்மிட்டின் மனைவி, குழுவின் மேலாளர். 1979இல் ஸ்பூன் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஆல்பங்களின் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். டேப்புகள் அழியாமல் இருந்தன. தலைமுறைக்குத் தலைமுறை மறுபதிப்பு வந்தது. நொய்! கதி வேறு. டிங்கருக்கும் ரோத்தருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர் போடமாட்டார். இதனால் 2001வரை அவர்களுடைய ஆல்பங்கள் முறையான சிடியாக வரவே இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! அந்த இடைவெளியை நிரப்பியது திருட்டுப் பதிப்பும் கையால் நகலெடுத்த கேசட்டும்தான்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. 1993இல், தேசியச் சேவை முடித்த புதிதில், சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ஒரு சீனக் கிழவரிடம் ஒரு வெள்ளிக்கு மூன்று கேசட் வாங்கினேன். ஒன்றின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் வெறும் 'N' என்ற ஆங்கில எழுத்து எழுதியிருந்தது. வீட்டில் போட்டால் ஒரு தாளம் தொடங்கி, கேசட் பக்கம் முடியும்வரை நிற்கவில்லை. யார் வாசித்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்தச் சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

இனி நம் ஊர். கேனின் மூன்றாவது முழு ஆல்பம் வந்த அதே 1972இல்தான், லெட் செப்லின் குழு முடி நீளமாக இருக்கிறது என்ற காரணத்தால் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்த முடியாமல் போனது. நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டிய காலம். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். 1960களில் துடிப்பாக இருந்த கிதார்க் குழுக்கள் 1970களில் ஓய்ந்துபோனதற்குப் பல காரணங்கள். இது அதில் ஒன்று. ஆகவே ஜெர்மனியில் வெடித்த காலத்தில் இங்கே வெடிக்க வழியில்லை.

வெடித்தது பின்னால், சின்ன அளவில். 1985இல் 'பிக்ஓ' என்ற பத்திரிகை ஒளிநகல் தாள்களாகத் தொடங்கியது. உள்ளூர்க் குழுக்களைக் கேசட்டில் தொகுத்து வெளியிட்டதும் அவர்களே. 1990இல் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன், ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பழைய மின்நிலையம் ஒன்றைக் கலை இல்லமாக்கினார். பெயரும் அதுவே: சப்ஸ்டேஷன். பின்பக்கத் தோட்டத்தில் பங்க் குழுக்களும் மெட்டல் குழுக்களும் வாசித்தன. நான் சொன்னேனே, அறை, நேரம், ஒலிப்பதிவு தெரிந்தவர்; முதலாவது நமக்கு அப்போது கிடைத்தது. கோட்டை இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடம். வைலர்ஸ்விஸ்ட் போல மாதக்கணக்கில் அதற்குள் குடியிருக்க முடியாது. மாலை வந்து இரவே ஒயரைச் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதே காலத்தில்தான் மேடை முன்னால் இடித்து ஆடும் ஸ்லாம் ஆட்டத்துக்குத் தடை வந்தது. ஒலி பார்ப்பதைவிடக் கூட்டத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. வேறொரு மண்டபத்தில், பெயர் வேண்டாம், இரண்டாம் பாட்டிலேயே பொறுப்பாளர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில், மைக் இல்லாமல், ஏழெட்டு நிமிடம் வாசித்தார். நான் கேட்டதிலேயே நல்ல ஒலி அது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் வருத்தம்.

தமிழர்கள் இருந்தார்களா என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். 1992இல் தொடங்கிய ருத்ரா குழு நம் பிள்ளைகளுடையது. கதிர் பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசிப்பார். மெட்டல் இசையின் உறுமலில் உபநிடத வரிகள். 1998இல் முதல் ஆல்பம். வேத மெட்டல் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தில் பலருக்கு அப்போது அது விளங்கவில்லை. சமஸ்கிருதத்துக்குப் பதில் தமிழில் கத்தினால் என்ன என்று நானும் முணுமுணுத்தவன்தான். வெளிநாட்டு மெட்டல் ரசிகர்கள் அவர்களைத் தேடிப் பிடித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கிராட்ராக்கின் நேரடி வாரிசு என்று நான் கைகாட்டுவது தி அப்சர்வேட்டரி என்ற குழுவை. 2001இல் தொடங்கியது. மென்மையான பாட்டில் ஆரம்பித்து, ஆல்பத்துக்கு ஆல்பம் தங்களையே கலைத்துக்கொண்டு போனார்கள். 2015இல் பாலித் தீவின் கமெலான் வெண்கலக் கருவிகளைச் செய்துவாங்கி ஒரு ஆல்பம். 2018இல் ஜப்பானின் ஆசிட் மதர்ஸ் டெம்பிள் குழுவோடு ஒரு இசைத்தட்டு. ஜெர்மானியர்களின் மெட்டைப் பார்த்து எழுதியவர்கள் இல்லை. நம் அண்டை வீட்டில் வெண்கலம் இருக்கும்போது நொய்! குழுவின் ஊரான டூசல்டார்ஃபின் தாளம் எதற்கு என்று யோசித்தவர்கள். அதைத்தான் வாரிசு என்கிறேன்.

சப்ஸ்டேஷன் 2021 ஜூலையில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. 2000களின் தொடக்கத்தில் அப்துல் நிஜாம், தானும் ஒரு குழுவில் இருந்தவர், சிங்கப்பூர்த் தனிவழி இசைக்குழுக்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தேசிய நூலக வாரியத்தின் மியூசிக்எஸ்ஜி தொகுப்பில் பழைய உள்ளூர் இசை கொஞ்சம் கிடைக்கிறது. மற்றவை வீவக அடுக்குமாடி வீடுகளின் அலமாரிகளில் இருக்கின்றன, என் வீட்டையும் சேர்த்து. நான் மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பிடித்த கேசட்டுகள் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருந்தன. நம் ஊர் ஈரப்பதம் தெரியுமே. போன ஆண்டு திறந்து பார்த்தால் பாதிக்கு வெள்ளைப் பூஞ்சை. சிலவற்றில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்து கிடந்தது. பஞ்சை வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம், ஒட்டியிருக்கிறேன். பூஞ்சைக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. கொலோனின் குளிரும் ஹில்டகார்ட் அம்மையாரும் கேனுக்குக் கிடைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது 85 விழுக்காடு ஈரம்.

உங்கள் உறுமிக் குழுவும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். 1973லிருந்து தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் இந்த அடி எங்கே இருந்தது? பயிற்சி அறையில், புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்யாண வீட்டில், காதுகளில். அதைப் பதிவு செய்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குழுத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். கிராட்ராக்கைத் 'தலைமறைவு இசை' என்று படத்தில் சொல்லும்போது எனக்கு உங்கள் ஆட்கள் ஞாபகம்தான் வந்தது.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் நொய்! முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, பத்து நிமிடம். எம்ஆர்டியில் உட்கார்ந்து, ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் ரயில் மேம்பாலத்தில் ஓடும்போது கேளுங்கள். அடுத்து டாகோ மாகோவில் இரண்டாம் பக்கத்தை முழுக்க நிரப்பும் பதினெட்டு நிமிடப் பாட்டு. அதில் லீபெட்சைட்டின் கையை மட்டும் பின்தொடருங்கள், பாட்டுக்காரரை விட்டுவிடுங்கள். பிறகு எம்பிரியோவின் நாகசுரம். அதைக் கேட்டு உங்கள் குழுவின் நாகசுரக்காரர் என்ன சொல்கிறார் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள். சுருதி சேரவில்லை என்பார் என்பது என் ஊகம். ஃபவுஸ்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். நொய்! இரண்டாம் ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் கடைசியாகப் போடுங்கள், அதுவும் அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. இருந்தால், பெட்டி கெட்டுவிட்டது என்று சுவிட்சை அணைத்துவிடுவார்.